வேர் அறாது மருந்து கொள்ளல்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம்பற்றியோ சமயம்பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவைபற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் செடியின் வேர். வேரிலிருந்து பெறும் மருந்தினை அவ்வேரினை அழிக்காது பெறுதற்கு வழியுண்டா, உண்டெனின் அவ்வழியிலே நம் கல்லூரி போன்றதொரு நிலையம் ஓரடியாயினும் எடுத்து வைத்தல் தகுமா என்பதே வினா. தகும் என்பது எம் கருத்து. அதனோடு மாறுபடுவாரும் உளர். அவருட் சிலர் ஆசிரியர் அறையிலே எமக்கு எதிர் நாற்காலியில் இருப்பவர்.

இலையைக் கிள்ளினால் செடி மீண்டும் துளிர்க்கும். பூவையும் காயையும் பறித்தால் அடுத்த பருவத்தில் அவை திரும்பவும் வரும். பட்டையை உரிப்பதிலும் அளவறிந்து உரித்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். வேரின் செய்தி அவ்வாறன்று. வேரே மருந்தாகிய செடியிலே மருந்தெடுத்தல் என்பது செடியைக் கொல்லுதலேயாம். இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் எழுந்த மண் இது. எம் சிறு வயதிலே எம்மூரில் வாழ்ந்த முதிய வைத்தியர் ஒருவர் மூலிகைக்குச் சாபநிவர்த்தி சொல்லியே மண்ணைக் கிண்டுவார். ஒரு பக்கத்து வேரை மட்டும் அறுத்து, மற்றைய பக்கத்தைத் தொடாது, எடுத்த மண்ணை மீளவும் அணைத்து, ஒரு செம்பு நீரும் வார்த்துவிட்டே எழுவார். அச்சடங்கினைக் கண்டு யாம் நகைத்ததுண்டு. பொருள் விளங்கிய காலத்தில் அவரிடம் கேட்டறிய அவர் இல்லை. இன்று மூலிகை கொண்டுவருவோர் கிலோக்கணக்கில் கூலி பெறுகின்றனர். அவர் ஒரு பக்கத்து வேரோடு அமையார்.

சர்ப்பகந்தியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாய் வளரும் இச்சிறு செடியைச் சிங்கள மக்கள் ஏகவேரிய என்பர். நித்திரையின்மைக்கும் சித்தக் கலக்கத்துக்கும் நச்சுக்கடிக்கும் அதன் வேரை நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். 1931இல் சலிமுசமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, யூனானி மருத்துவப் பெரியார் அக்கீம் அஜ்மல் கான் நினைவாக அதற்கு அஜ்மலீன் எனப் பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் உருசுத்தம் வக்கீல் அவ்வேர் உயர் குருதியமுக்கத்தைத் தணிக்கும் வகையினை இங்கிலாந்தின் இருதய மருத்துவ ஏடொன்றில் எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே சீபா நிறுவனத்து அறிஞர் றிசேர்ப்பீன் என்னும் பொருளைப் பிரித்தனர். அதன்பின் நடந்ததை ஊகித்தல் எளிது. மேனாட்டார் அறிந்துகொண்ட அன்றே காட்டிலிருந்த வேருக்குக் கேடு வந்துற்றது. 1990இல் இச்செடியை அழிவுக்குள்ளாகக்கூடிய உயிரினங்களின் அனைத்துலக வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலே சேர்க்க நேர்ந்தது. றிசேர்ப்பீனின் இடத்தை இன்று வேறு மருந்துகள் பெரிதும் கைக்கொண்டுவிட்டன. ஆயினும் நாட்டு மருத்துவத்துக்காக வேர் தோண்டுதல் ஓயவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே காட்டும் பொருட்டுச் சர்ப்பகந்தி வேர் ஒரு துண்டு வேண்டி மருந்துச் சரக்குக் கடையொன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் தயக்கமின்றி ஒரு பொட்டலம் கட்டித் தந்தார். எம்முடன் பணியாற்றும் தாவரவியல் ஆசிரியர் அதனைப் பார்த்துவிட்டு, இது அதன் இனத்ததாயினும் அதுவன்று என்றார். அரியதாகிப்போன வேருக்கு உறவினச் செடிகளின் வேரைக் கலத்தலும் மாற்றித் தருதலும் அவ்வணிகத்தில் வழக்கமாம். கடைக்காரரை யாம் குறை கூறோம். அவருக்கு வந்ததை அவர் விற்றார். அதனை நோயாளி ஒருவர் வாங்கியிருந்தால் என்னாகும் என்னும் எண்ணமே அன்று முதல் எம்மை விட்டு நீங்காததாயிற்று. இக்கட்டுரைக்கு வித்து அப்பொட்டலமே.

இனி வேரினுள் நிகழ்வதைச் சிறிது காண்போம். மருந்தாய்ப் பயன்படும் இப்பொருள்களுள் பெரும்பாலன அற்கலோயிட்டு என்னும் வகையைச் சார்ந்தவை. நைதரசனைத் தம்முள் கொண்டவை, பெரும்பாலும் கைப்பானவை, சிறிதளவிலேயே உடலில் பெருமாற்றத்தை விளைப்பவை. செடி இவற்றை நமக்காகச் செய்வதன்று. தன்னைத் தின்ன வரும் புழு பூச்சிகளுக்கும் விலங்குகளுக்கும் எதிராகச் செய்துகொள்வது. ஊமத்தையை ஆடு தொடாமையின் காரணம் இதுவே.

ஊமத்தையின் இலையிலும் வித்திலும் நஞ்சு உண்டென்பதை யாவரும் அறிவர். அந்நஞ்சு எங்கே பிறக்கிறது? இலையில் இருப்பதால் இலையிலே பிறக்கின்றது எனக் கொள்வதே இயல்பு. 1940ஆம் ஆண்டுகளில் அறிஞர் சிலர் மிக எளிய சோதனையொன்றால் இதற்கு விடை கண்டனர். தக்காளியின் தண்டினை ஊமத்தை வேரின்மீது ஒட்டுக்கட்டினர். ஊமத்தையின் தண்டினைத் தக்காளி வேரின்மீது ஒட்டுக்கட்டினர். ஊமத்தை வேர்மேல் வளர்ந்த தக்காளி இலையில் நஞ்சு ஏறிற்று. தக்காளி வேர்மேல் வளர்ந்த ஊமத்தை இலையிலோ அது மிக அருகிற்று. உலைக்களம் வேர், இலை களஞ்சியமே. மாமரத்துக்கு ஒட்டுக்கட்டும் கையுடையார் எவரும் செய்யத்தக்க இச்சோதனை எம்மை வியப்பில் ஆழ்த்தியது போல் பெரும் பொறிகள் கொண்டு செய்த எச்சோதனையும் ஆழ்த்தியதில்லை. வேர் தானே இதனைச் செய்கின்றதாயின் இலையும் தண்டும் இன்றியே வேரை மட்டும் வளர்த்தால் என்ன என்னும் கேள்வி அங்கிருந்து பிறப்பது இயல்பேயன்றோ?

வேரை மட்டும் வளர்த்தல் இயலும் என்பதை அதற்கு முன்னரே 1934இல் அமெரிக்கராகிய பிலிப்பு உவைற்று காட்டியிருந்தார். தக்காளி வேரின் நுனியை வெட்டி, சர்க்கரையும் உப்புகளும் மதுவத்தின் சாறும் கலந்த நீரிலிட்டு, வளர வளர நுனியை வெட்டிப் புதுக் குடுவைக்கு மாற்றி, வரம்பின்றி அதனை வளர்க்கலாம் என நிறுவினார். உடலை நீங்கிய உறுப்பு தனித்து வாழ்ந்தது. எனினும் பல செடிகளின் வேர்கள் இவ்வாறு வளர்த்தால் மந்தமாகவே வளர்ந்தன. மருந்தெடுக்கும் அளவுக்கு அவை பெருகவில்லை.

அம்மந்தத்தைப் போக்கியது ஒரு நோய். ஆப்பிள் நாற்றுமேடைகளிலே காயம்பட்ட இடத்தில் வேர்கள் மயிர்க்கற்றை போலக் கிளைத்து எழும் நோயொன்று உண்டு. மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றே அதற்குக் காரணம் என 1930இல் அறியப்பட்டது. ஈண்டுத் தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல். இந்நோயால் எழும் வேரை மயிர்வேர் என்கின்றோம். பாடநூலில் மாணாக்கர் படிக்கும் வேர்மயிர் வேறு. அது வேரின் புறத்தோலில் நீரை உறிஞ்ச எழும் நுண்ணிழை. சொற்கள் இடம் மாறின் பொருள் முற்றும் மாறும். பரீட்சை விடைத்தாள்களில் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நின்று மதிப்பெண்ணைக் குறைக்கும் எனத் தாவரவியல் ஆசிரியர் வருந்துவார். தொகைச்சொல்லின் முன்பின் வைப்பு ஆற்றலுடையது என்று யாம் இலக்கண வகுப்பிலே கூறுவதை மாணாக்கர் நம்புவதில்லை. விஞ்ஞான வகுப்பிலே அதற்கு விலை கொடுக்கின்றனர்.

அப்பற்றீரியா தன் பரம்பரையலகுகள் சிலவற்றைச் செடியின் கலத்தினுள்ளே செலுத்தி, அக்கலத்தின் பரம்பரைப் பொருளோடு சேர்த்துவிடுகின்றது என்பதை 1982இல் மேரி டெல் சில்ரனும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். களவாகப் புகுந்து வீட்டு உறுதியிலே தன் பெயரை எழுதிச் செல்லும் கள்வனை ஒக்கும் இது. அவ்வாறு எழுதப்பட்ட கலம் வேராகவே வளரும், ஓயாது கிளைக்கும், ஓமோன் எதனையும் வெளியிலிருந்து வேண்டாது. பற்றீரியாவை மருந்திட்டுக் கொன்ற பின்னரும் அவ்வேர் அக்குணத்தை விடாது. எனவே ஆய்வாளர் செய்வது இது: நுண்ணுயிர் நீக்கிய இளஞ்செடியின் தண்டிலே ஊசியால் கீறிப் பற்றீரியாவைத் தடவுவர். சில வாரங்களில் கீறிய இடத்தில் வேர்கள் எழும். அவற்றை நறுக்கி, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த ஊடகத்தில் இட்டுத் தூய்மை செய்து, பின்னர்ச் சர்க்கரையும் உப்புகளுமுடைய நீரில் இட்டு ஆட்டியபடி வைப்பர். 1962இல் முராசிகியும் சுக்கூக்கும் வகுத்த ஊடகம் இதற்கு இன்றும் பெருவழக்கு. மூன்று நான்கு வாரங்களிலே குடுவை வேரால் நிறையும். 1985இல் புளோரசு, பில்னர் என்னும் இருவர் குரோசாணி ஓமத்தின் உறவினச் செடியொன்றின் மயிர்வேரிலே இயல்பான வேரைப் போன்றே அற்கலோயிட்டு விளைதலைக் கண்டனர். அதன்பின் பெலடோனா, ஊமத்தை, சர்ப்பகந்தி எனப் பலவும் குடுவைக்குள் வந்தன.

வேர் வளர்ந்தால் மட்டும் போதுமா? அதிலுள்ள மருந்து மிக அற்பம். எனவே அதனைப் பெருக்கும் வழிகளே இத்துறையிலே நாற்பதாண்டுகளாக ஆராயப்படுவன. முதலாவது வழி பொறுக்கி எடுத்தல். ஒரே செடியின் ஒரே காயத்தில் எழுந்த இரு வேர்களும் ஒரே தன்மையன அல்ல. பரம்பரையலகு புகுந்த இடம் ஒவ்வொன்றிலும் வேறாதலின் ஒன்று மிகுதியாகத் தரும், மற்றொன்று தராது. நெல்லிலே நல்ல கதிரை விதைக்கெனப் பிரித்து வைக்கும் கமக்காரனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஊடகத்திலே சர்க்கரை, நைத்திரேற்று, பொசுபேற்று ஆகியவற்றின் அளவை மாற்றிப் பார்த்தல் மற்றொன்று. இதில் விரித்துரைக்க ஏதுமில்லை, பொறுமையே வேண்டும்.

மூன்றாவது வழி சுவையானது. செடி நஞ்சைச் செய்வது பகைவர்க்காக என்றோம். பகைவர் வந்தாரென அதனை நம்பவைத்தால்? புழு கடித்த செடியினுள்ளே யசுமோனேற்று என்னும் பொருள் சுரந்து, காவலை முடுக்குகின்றது. அதன் மெதையில் வடிவம் 1962இல் மல்லிகை இனத்தின் நறுநெய்யிலே கண்டறியப்பட்டது. அதனாலேயே மல்லிகையின் மேனாட்டுப் பெயர் அதற்கு வாய்த்தது. கூந்தலிற் சூடும் மலரின் நறுமணத்திலே செடிகளின் போர்முரசு ஒளிந்திருந்தது என்றால் புலவர் கூற்றென்பர், உண்மை அதுவே. இப்பொருளைச் சிறிதளவு குடுவையில் இட்டால் பல செடிகளின் வேர்களில் அற்கலோயிட்டு மிகும். மதுவத்தின் சாறும், நண்டு இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசனும் இவ்வாறே ஏமாற்றப் பயன்படும். ஆயினும் ஒன்று: அஞ்சிய வேர் வளராது. முதலிலேயே அச்சுறுத்தினால் வேரும் இல்லை, மருந்தும் இல்லை. ஆதலின் முதலில் அமைதியாக வளரவிட்டு, குடுவை நிறைந்தபின் இறுதி நாள்களிலே முடுக்கிவிடுவர். மாணாக்கரைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர்க்கு இதில் படிப்பினை ஒன்று உண்டென எமக்குத் தோன்றியது. அதனை வேறிடத்திலே கூறுவோம்.

நான்காவது, பரம்பரையலகுகளையே சேர்த்தல். ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளிலே ஐயோசையமின் என்னும் பொருள் முதலில் உண்டாகி, அதன்மேல் ஒரு நொதியம் தொழிற்பட அது ஸ்கோபோலமின் ஆக மாறுகின்றது. அந்நொதியம் வேரின் நடுக்கம்பத்தைச் சூழ்ந்த பரிவட்டவுறை என்னும் மெல்லிய படையிலேயே உள்ளது. இரண்டனுள் மருத்துவ உலகு மிகுதியாக வேண்டுவது பின்னதை. பெலடோனா போன்ற செடிகள் மிகுதியாகச் செய்வதோ முன்னதை. 1992இல் யப்பானிய அறிஞர் யமடாவும் அசிமொற்றோவும் அவர்தம் குழுவினரும் அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகைக் குரோசாணி ஓமத்திலிருந்து எடுத்துப் பெலடோனாவிலே புகுத்தினர். அச்செடியின் இலையிலே ஸ்கோபோலமினே மேலோங்கி நின்றது. பின்னர், இப்பாதையின் தொடக்கத்திலுள்ள மற்றொரு நொதியத்தைக் கூட்டினால் எல்லாம் பெருகும் எனக் கருதிப் பெலடோனாவிலே அதனை மட்டும் கூட்டிப் பார்த்தனர், பயன் விளையவில்லை. துலாவிலே இறைத்துப் பாத்தி கட்டி நீர் பாய்ச்சியோர்க்கு இதன் காரணம் தெரியும். தலைமடையை அகலத் திறந்தாலும் இடைவாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைப்பாத்திக்கு நீர் போய்ச் சேராது. 2004இல் சீன அறிஞர் குழுவொன்று தலைமடையையும் கடைமடையையும் ஒருங்கே திறந்தது. குரோசாணி ஓமத்தின் மயிர்வேரிலே இரு பரம்பரையலகுகளையும் சேர்த்தபோது, அவற்றுட் சிறந்த வேர் இலீற்றருக்கு 411 மில்லிகிராம் ஸ்கோபோலமின் தந்தது. இஃது மாற்றஞ் செய்யாத வேர் தந்ததின் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது. ஒன்றை மட்டும் சேர்த்த வேர்களும் இதற்கு ஈடாகவில்லை.

இவையெல்லாம் எமக்கு ஏன் என்பார்க்கு மருத்துவமனையைக் காட்டுவோம். ஐயோசையமினின் மற்றோர் உருவே அற்றோப்பீன். கண் பரிசோதனையில் கண்மணியை விரிப்பது அதுவே. அதனினும் பெரிய பணி ஒன்று அதற்கு உண்டு. பயிருக்குத் தெளிக்கும் சேதனப் பொசுபரசு நஞ்சினை உட்கொண்டோரை மீட்க மருத்துவர் முதலிற் கைக்கொள்ளும் ஊசி அற்றோப்பீன். கமத்தொழில் செய்யும் நம் நாட்டிலே இவ்வூசியால் பிழைத்தோர் எண்ணிலர். நாம் அறிந்த குடும்பங்களிலும் இருப்பர். வயிற்று வலிக்குக் கொடுக்கும் பஸ்கோபன் ஸ்கோபோலமினிலிருந்து செய்வது. அதற்கு வேண்டிய இலையோ அவுத்திரேலியாவிலும் பிரேசிலிலும் தோட்டமிட்டு வளர்க்கும் டுபோய்சியா என்னும் மரத்திலிருந்து வருகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துக்கு வெளிநாட்டுச் செலாவணியின்றி நம் மருத்துவமனைகள் பட்ட பாட்டை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலியோரத்திலே ஊமத்தை வெண்பூவும் கருஞ்செம்பூவுமாகப் பூத்து நிற்கின்றது. சிவபெருமானுக்கு உகந்த மலரென்று அதனைக் கொய்து செல்கின்றோம். அதன் வேருள்ளே நிகழும் இரசாயனத்தை அறிந்தார் நம்மூரிலே எத்துணைப் பேர்?

எனினும் மிகைபடக் கூறல் குற்றம். பத்திரிகைகளிலே சிலபோது, பட்டிப்பூவின் வேரைக் குடுவையில் வளர்த்துப் புற்றுநோய் மருந்து எடுக்கலாம் எனப் படிக்கின்றோம். அஃது உண்மையன்று. நித்தியகல்யாணி என்றும் வழங்கும் அச்செடியின் இலையிலிருந்து 1958இல் கனடா நாட்டிலே நோபிள், பியர் முதலியோர் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைக் கண்டனர். ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர். ஆயின் அம்மருந்து இரு கூறுகள் பொருந்தி ஆவது. அவற்றுள் வின்டொலீன் என்னும் கூறு இலையிலே, ஒளியிலே விளைவது. வேர் அதனைச் செய்யாது. பட்டிப்பூ வேரை எத்துணை ஆட்டினாலும் அது தரக்கூடியது அஜ்மலிசீன், சேர்ப்பென்ரீன் முதலியனவே. எது வேரில் பிறப்பதோ அதனையே வேர்க்குடுவையிற் பெறலாம். இச்சிறு விதியை மறந்து பேசுவோரால் நல்லதொரு துறைக்கு அவப்பெயர் வருகின்றது.

குடுவையிலிருந்து பெருங்கலத்துக்குப் போவதிலும் இடர் உண்டு. மதுவம் நீரிலே கரைந்தாற்போலப் பரந்து நிற்கும். கலக்கலாம், குழாயிற் செலுத்தலாம். வேர் அவ்வாறன்று. வளர வளரப் பின்னிப் பிணைந்து பந்தாகி, உள்ளிருக்கும் வேருக்கு ஒட்சிசன் எட்டாது அழுகும். கலக்கும் தகடு வேரை வெட்டும். ஊடகத்தைப் பனித்துளி போலத் தூவியும் சொட்டுச் சொட்டாக வார்த்தும் இதனைத் தீர்க்க முயல்கின்றனர். கொரிய நாட்டார் சின்செங்கு வேரைப் பெருங்கலங்களில் வளர்த்து விற்பனையே செய்கின்றனர். ஆயின் ஸ்கோபோலமின் இன்றும் தோட்டத்து இலையிலிருந்தே உலகச் சந்தைக்கு வருகின்றது. தோட்டத்து இலை மலிவு என்பதே காரணம். ஆதலின் எம் கருத்து எல்லாவற்றையும் குடுவைக்குள் அடக்குக என்பதன்று. தோட்டமிட்டு மலிவாக வளர்க்கத் தக்கதை வளர்ப்போம். காட்டிலே மெல்ல வளர்ந்து, வேருக்காகவே கொல்லப்படும் சர்ப்பகந்தி போன்றவற்றுக்கே குடுவை வேண்டும். அவற்றுக்கு வேறு புகலிடம் இல்லை.

இனி மறுப்போர் கூற்று. சித்த வைத்தியத்திலே தேர்ந்த நண்பர் ஒருவர், மண்ணையும் வெயிலையும் காணாத வேர் மூலிகையாகுமா என்று கேட்கின்றார். அவர் கேள்வியிலே பாதி நியாயம் உண்டு. வைத்தியர் கையாளுவது ஒரு பொருளையன்று, முழு வேரையும். அதிலுள்ள பல பொருள்களின் விகிதம் மண்ணில் ஒன்றாகவும் குடுவையில் வேறாகவும் இருக்கும். ஆராயாது குடுவை வேரை இடித்துச் சூரணத்திலே சேர்த்தல் தவறு. எமக்குக் கிடைத்த கலப்பட வேருக்கும் அதற்கும் வேறுபாடில்லை. ஆனால் தனிப்பொருளாகப் பிரித்து ஊசியிலோ வில்லையிலோ இடும் மருந்துக்கு அத்தடை இல்லை. அஜ்மலீன் காட்டு வேரில் பிறந்தாலும் குடுவை வேரில் பிறந்தாலும் அஜ்மலீனே. அவ்வகைத் தேவை குடுவையால் நிறைவேறுமாயின் காட்டில் எஞ்சிய வேர் வைத்தியருக்கே மிஞ்சும். நண்பர் இதற்கு இன்னும் விடை தரவில்லை, மறுத்ததும் இல்லை.

பல்கலைக்கழகத்திலே பயிலும் எம் பழைய மாணவர் ஒருவர் வேறு வகையாக வாதிட்டார். 2020இல் அமெரிக்காவின் சுரான்போட்டுப் பல்கலைக்கழகத்திலே சிமொல்கேயும் சிறீனிவாசனும் மதுவத்திலேயே ஸ்கோபோலமினைச் செய்து காட்டினரே, இனி வேர் எதற்கு என்றார். அரிய செயலே அது. இருபதுக்கு மேற்பட்ட புரதங்களை ஒரு நுண்ணுயிருள்ளே ஒழுங்குபடுத்தி நிறுத்தினர். ஆனால் அன்று கிடைத்தது இலீற்றருக்குச் சில பத்து மைக்கிரோகிராம். 2004இன் வேர் தந்தது 411 மில்லிகிராம், பதினாயிரம் மடங்கு. மதுவம் இனி முன்னேறும் என்பதை ஒப்புகின்றோம். ஆயினும் வேரினுள்ளே நொதியங்கள் எவ்வரிசையில் நிற்கின்றன என்பதை வேரிலன்றோ கற்றுக்கொண்டு மதுவத்துக்குக் கொண்டு சென்றனர்? இன்னும் பாதை அறியப்படாத செடிகள் நம் காடுகளிலே பல உள. அவை அழிந்தபின் மதுவத்துக்குக் கற்பிக்க எம்மிடம் என்ன இருக்கும்?

மூன்றாவது மறுப்பு ஆசிரியர் அறையில் எழுந்தது. இவை பல்கலைக்கழகத்து வேலை. பள்ளிக்கூடத்துக்கு ஏன் என்பது. மருந்து செய்யுமாறு யாம் கேட்கவில்லை. பரம்பரையலகு மாற்றிய வேரைப் பள்ளிக்கூடத்தில் வளர்க்குமாறும் கேட்கவில்லை. அது தக்க காவலும் சட்ட அனுமதியும் உள்ள இடத்தில் நிகழவேண்டியது. யாம் கேட்பது 1934இல் உவைற்று செய்ததை. பற்றீரியாவும் வேண்டா, புதிய பரம்பரையலகும் வேண்டா. வேர் நுனி ஒன்றும், தூய கையும், பொறுமையும் போதும். விழாவையொட்டிச் சேரும் நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு முகப்பு வளைவு கட்டுவதாகப் பேச்சு நடக்கின்றது. வளைவு அழகியது, யாம் அதற்குப் பகையல்லோம். ஆனால் அதன் செலவில் ஒரு பகுதி போதும், பழைய விஞ்ஞான கூடத்தின் கிழக்கு மூலையை மறைத்து இழையவளர்ப்பு அறையொன்று அமைக்க. கிருமி நீக்கப் பெரிய பொறி இல்லாவிடின் சமையற்கட்டின் பிரசர் குக்கர் உதவும். உலகெங்கும் சிறு ஆய்வுகூடங்கள் அவ்வாறே செய்கின்றன. சுக்குரோசுக்குக் கடைச் சீனி. ஊடகத்தைத் திண்ம நிலையில் வேண்டின் ஏகாரு. அதுவும் கடற்பாசியிலிருந்து வருவதே. தூசற்ற காற்றை வீசும் பெட்டி ஒன்றே விலையுயர்ந்தது. கடல்கடந்து வாழும் பழைய மாணவருள் ஆய்வுகூடங்களிலே பணிபுரிவோர் உளர். பழையதாயினும் பழுதற்ற பெட்டியொன்றை அவர்கள் பெற்றுத் தருதல் அரிதன்று.

அறையோடு ஒரு சிறு தோட்டமும் வேண்டும். வேருக்காக அழிக்கப்படும் செடிகளுக்கென்றே ஒன்று. சரியான சர்ப்பகந்தி எது, கலப்படம் எது என்று எம் மாணாக்கர் பார்த்தறிய அது உதவும். பொட்டலம் பிரித்த அன்று எமக்கு இல்லாதது அவ்வறிவே.

யாம் ஏற்கும் பங்கு ஒன்று உண்டு. உயர்தர வகுப்பு வரை தமிழிலே உயிரியல் படித்த பிள்ளை, பல்கலைக்கழகம் சென்றதும் அச்சொற்களையெல்லாம் வாயிலிலே கழற்றி வைத்துவிட்டுப் போகின்றது. மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர், 1847இல் இங்கு வந்து, தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சமயத்தால் அவர் வேறு. எனினும் அத்தொண்டிலே அவர் நமக்கு முன்னோடி. அறையிலே நடைபெறும் ஒவ்வொரு செயலையும் மாணாக்கர் தமிழிலே குறிப்பேட்டில் எழுதவேண்டும். சொல் இல்லாதவிடத்து எம்மிடம் வருக. பொருந்திய சொல்லைச் சேர்ந்தே தேடுவோம். மயிர்வேரும் வேர்மயிரும் தடுமாறா வண்ணம் பார்த்துக்கொள்வது எம் பொறுப்பு.

எச்செடியிலிருந்து தொடங்குவது என்பதை விஞ்ஞான ஆசிரியரோடு பேசினோம். தக்காளியிலே தொடங்கி, கை பழகியபின் ஊமத்தைக்குச் செல்வது என்பது அவர் கருத்து. ஊமத்தை வித்து வேலியிலேயே கிடைக்கும், விலையில்லை. ஆனால் அது நஞ்சு. வித்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலே கண்மணி விரியும். ஆதலின் கீழ் வகுப்புப் பிள்ளைகளை அவ்வறைக்குள் விடலாகாது, வித்துகளைப் பூட்டி வைத்தல் வேண்டும், கையுறை வேண்டும். திறவுகோல் எவரிடம் இருத்தல் வேண்டும் என்பதை அதிபரவர்கள் தீர்மானிப்பார்களாக.